அவர் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு இருக்கவில்லை

2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மழை தொடங்கியிருந்த ஓர் இரவில், என் கணவர் ஒரு பயணப் பையையும் தமது வேலைச் சாமான்கள் இருந்த இரும்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டை விட்டுப் போனார். "எங்கள் வீடு" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. மட்டக்களப்பில், திராய்மடுவில் உள்ள அந்த வீட்டில் என் தாய் தந்தையரோடு நாங்கள் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தோம். அந்த எட்டு ஆண்டுகளில் அவர் ஒரு நாளேனும் அதை "எங்கட வீடு" என்று சொன்னதில்லை. சாதாரணமாக "மாமாட வீடு" என்பார். மனம் நொந்திருக்கும் நாட்களில் "உங்கட வீடு" என்பார். நான் அதைக் காதில் வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒரு முறைகூட நின்று யோசித்ததில்லை.

அன்றிரவு, அப்போது ஆறு வயதாகியிருந்த என் மகள் கதவோரம் நின்று, "அப்பா எந்த வீட்ட போறார்?" என்று கேட்டாள். "மாமி வீட்ட" என்றேன். "அது மாமிட வீடுதானே?" என்றாள். நான் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கு விளங்க மேலும் நான்கு மாதங்கள் தேவைப்பட்டன.

வேறிடங்களிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணம் முடிந்ததும் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி, அதாவது குலப் பிரிவு, தாய் வழியாக வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவில் அல்லது அடுத்த காணியில் இன்னொரு வீட்டைக் கட்டி, அடுத்த மகளுக்கு அதையும் கொடுத்து, கடைசியில் ஏதோ ஒரு மகளின் வீட்டிலேயே முதுமையைக் கழிக்கிறார்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள முஸ்லிம் மக்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. முற்காலத்தில் முக்குவர் சட்டம் என்ற ஒன்று இங்கே நடைமுறையில் இருந்தது. அதன்படி முதுசம், அதாவது முன்னோர் வழி வந்த சொத்து, தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கியது. 1876 ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பின்னர் அது வழக்கொழிந்து போனது. ஆயினும் மகளுக்கு வீடு கொடுப்பதும் மருமகன் அங்கே வந்து இருப்பதும், எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமலேயே இன்றுவரை நிலைத்து நிற்கின்றன.

இந்த வழக்கத்தை நான் குறைவாக மதிப்பவள் அல்லள். தாய் பக்கத்து அறையில் இருக்கப் பிள்ளை பெறுவதும், கணவன் கை நீட்டினால் கேட்பதற்குச் சொந்தம் சுற்றி நிற்பதும், நடு இரவில் யாரும் "வெளியே போ" என்று சொல்ல முடியாத ஒரு கூரையின் கீழ் தூங்குவதும் சிறிய காரியங்கள் அல்ல. போர் நடந்த ஆண்டுகளில் கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் இங்கே தெருவுக்கு வராமல் பிள்ளைகளை வளர்த்ததற்கு அந்த வீடுகளும் ஒரு காரணம். ஆனால் அந்த வீட்டுக்குள் வந்து சேரும் ஆணின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நானும் கற்றுக்கொள்ள முயலவில்லை.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. அம்மாவின் சீதன வீடு நாவலடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருந்த அந்த ஒடுங்கிய நிலத்தில் இருந்தது. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா எனக்குக் கொடுக்க வைத்திருந்தது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் அதை அத்திவாரத்தோடு கொண்டு போனது. அம்மம்மாவையும் கொண்டு போனது. பின்னர் நாவலடி மக்கள் பலரோடு எங்களுக்கும் திராய்மடுவில் வீடு கிடைத்தது. வீட்டுக்கான பத்திரம், குடும்பத் தலைவர் என்ற வகையில், அப்பாவின் பெயரில் வந்தது. கிழக்கில் சுனாமி வீடுகள் பல அப்படித்தான் ஆண்களின் பெயரில் வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கையில் இருந்த வீடு ஒரே நாளில் கடலிடமும் பிறகு ஒரு தாளிடமும் போயிற்று என்று அம்மா இன்றும் சொல்வார். ஆகவே நான் 2015 இல் கலியாணம் செய்துகொண்டபோது, அந்த வீடு வழக்கப்படி என்னுடையதாகவும், தாளின்படி அப்பாவுடையதாகவும், மனத்தின்படி அம்மாவுடையதாகவும் இருந்தது. என் கணவருக்கு அது எதன்படியும் உரியதாக இருக்கவில்லை.

அவர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைச் சேர்ந்தவர். கொக்கட்டிச்சோலைக்கு அருகில் ஊர். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வாவியைப் பாதைப் படகில்தான் கடக்க வேண்டும். பாலம் வந்திராவிட்டால் எங்கள் இரண்டு குடும்பங்களும் சம்பந்தம் பேசியிருக்குமோ தெரியாது. அவர் இரும்பு வேலை செய்பவர். கேற், யன்னல் கம்பி, கூரைச் சட்டம் எல்லாம் தமது கையாலேயே வெட்டி ஒட்டுவார். நான் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். கலியாணமான முதல் மூன்று ஆண்டுகளில் எங்களுக்குள் சொல்லத்தக்க பிணக்கு எதுவும் இருக்கவில்லை.

பிணக்கு ஒரு கொட்டகையோடு தொடங்கியது. நகரில் ஒருவரின் கடையில் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்த அவர், 2019 இல், எங்கள் வளவின் முன்பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டுத் தனியே வெல்டிங் வேலை தொடங்க விரும்பினார். அளந்து, கணக்குப் போட்டு, கடன் கேட்கவும் ஏற்பாடு செய்துவிட்டு என்னிடம் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, முன்பக்கத்தில் நிற்கும் தென்னையை வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. எங்கள் வீட்டில் அது மரியாதை. "மருமகன் சாப்பிட்டாச்சாமா?" என்று என்னிடம் கேட்பார், அவர் நாலு முழத் தூரத்தில் இருக்கும்போதும். அதனால் அந்த மறுப்பும் என் வாய் வழியாகத்தான் அவரிடம் போனது. "அம்மாவுக்கு விருப்பமில்லையாம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு தென்னை மரத்துக்காகத் தமது பிழைப்பைத் தடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். நாவலடியில் அலைக்குத் தப்பி நின்ற ஒரே தென்னையின் காயை முளைக்கவைத்து, திராய்மடுவுக்கு வந்த முதல் மாரியில் அம்மா தன் கையால் நட்ட பிள்ளை அது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விடயமாகத் தோன்றவில்லை. இன்று இதை எழுதும்போது, எங்கள் கலியாணத்தில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டை இலங்கையில் யாரும் மறக்கப் போவதில்லை. பங்குனி மாத இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் வெல்டிங் வேலை இல்லை. மின்சாரம் வந்தாலும் இரும்பு விலையைக் கேட்டு வீடு கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் வேலை செய்த கடை பூட்டப்பட்டது. என் சம்பளத்திலும் அப்பாவின் ஓய்வூதியத்திலும் வீடு நடந்தது. எரிவாயுச் சிலிண்டருக்காக அவர் இரண்டு பகலும் ஓர் இரவும் வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அன்று பிற்பகல் அம்மா, வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டுப் பெண்ணிடம், "ஒரு ஆள்ட சம்பளத்துல அஞ்சு வயிறு புள்ள, என்னெண்டு சமாளிக்கிற?" என்றார். என் கணவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். வாளி நின்ற சத்தம் குசினிக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

அன்று முதல் அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து சாப்பிட்டார். நான் கேட்டால், "பசிக்கேல்ல" என்பார். பிறகு எங்களுக்குள் நடந்த சண்டைகளை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அவை எல்லா வீடுகளிலும் நடக்கும் சண்டைகளைப் போன்றவைதான், மாலைக்கு மாலை ஒரே சொற்களோடு வந்து போனவை. அவர் குடிக்கவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. அடி வாங்கும் ஒரு பெண் இதைப் படித்துவிட்டு, பொறுத்துப் போகவேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அவள் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். என் கதை வேறு.

அவர் போன பிறகு வீடு அமைதியானது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய நடையில் ஒரு தளர்வு, நெடுநாள் இறுக்கிப் பிடித்திருந்த எதையோ கீழே வைத்தது போன்ற ஒரு தளர்வு தெரிந்தது. எனக்கும் முதல் மாதம் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

அங்கே நான் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் என்னைப் போலவே பலரும் தவறாக நினைத்திருக்கிறார்கள். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்குரியது, எங்களுக்கு அது பொருந்தாது. முஸ்லிம் சகோதரிகளுக்கு 1951 ஆம் ஆண்டின் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. எங்களுக்குரியது பொதுச் சட்டம். அதாவது 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். "எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்பதை அந்தக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்குரிய காரணமாகச் சொல்லவில்லை. அது சொல்லும் காரணங்கள் மூன்று: கலியாணத்துக்குப் பின்னர் வேறொருவரோடு கொண்ட உறவு, வன்மத்தோடு கைவிட்டுச் செல்லுதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இவற்றுள் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் முதலில் தற்காலிகத் தீர்ப்பு வரும். குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முற்றான தீர்ப்பாகும். பராமரிப்புப் பணம் பற்றிய 1999 ஆம் ஆண்டின் சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவதில்லை. வசதியுள்ள துணை, தன்னைத் தானே பராமரிக்க முடியாத துணைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. சம்பளம் எடுப்பவள் நான் என்பதால் அதையும் சட்டத்தரணி எனக்கு விளக்கினார்.

"அப்படியென்றால் அவர்தான் என்னைக் கைவிட்டுப் போனார்" என்றேன்.

சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் பொறுமையாகக் கதைத்தார். வீட்டை விட்டு வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்று எப்போதும் முடிவாகாது. ஒருவர் அங்கே தொடர்ந்து இருக்க முடியாதபடி நடந்து, அவரை வெளியேறச் செய்த மற்றவரும் கைவிட்டவராகக் கருதப்படலாம். அது யாருடைய வீடு, அவர் ஏன் போனார், போகும்போது யார் என்ன சொன்னார்கள், திரும்பி வரும்படி யாராவது கேட்டார்களா என்றெல்லாம் எதிர்த்தரப்பு கேட்கும். பிறகு, விவாகச் சான்றிதழைக் கொண்டுவரும்படி சொன்னார்.

யாராவது அவரைத் திரும்பி வரும்படி கேட்டார்களா? நாங்கள் மூவரும், மூன்று பெரியவர்களும், அவர் போனதிலிருந்து அந்த வீட்டில் இருந்தோம். ஒருவரும் கேட்கவில்லை.

விவாகச் சான்றிதழ் என் கணவருடைய கோவைக்குள் இருந்தது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் பிரதி எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும், 2024 மாசியில் ஒரு சனிக்கிழமை, நானே பஸ் ஏறிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். மண்முனைப் பாலத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கமும் வாவி நிறைந்து கிடந்தது. வயல்களில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது.

அவருடைய தாயின் வீடு இப்போது அவருடைய தங்கையின் சீதன வீடு. எங்கள் வழக்கத்தில் அது அப்படித்தான் இருக்க முடியும். தங்கையின் கணவர் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மச்சாள்" என்று கதிரை போட்டார். என் கணவர் வீட்டுக்குப் பின்னால், நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த சாய்ப்பில் பாய் போட்டுப் படுத்திருந்தார். தலைமாட்டில் அந்த இரும்புப் பெட்டி. அவருடைய சேட்டுகள் கொடியில் ஒரு மூலையில், மற்றவர்களின் உடுப்பில் முட்டாமல், நெருக்கித் தொங்கின. சாப்பாட்டு நேரமானது. தங்கையின் கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடியும்வரை அவர் வேலியோரம் ஏதோ கட்டுவதுபோல நின்றார். பிறகு வந்து, கோப்பையை எடுத்துக்கொண்டு, விறாந்தையின் விளிம்பில் அமர்ந்தார். எங்கள் வீட்டில் அவர் அமர்ந்திருந்த அதே மாதிரி: அரைவாசி உடம்பு உள்ளே, அரைவாசி வெளியே.

என் கணவரின் தாய் என் அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மகள்ட வீடு புள்ள. மருமகன் நல்லவர்தான், ஒண்டும் சொல்லமாட்டார். ஆனா எத்தின மாசத்துக்கு? நான் சொல்றதுக்கு இதுல என்ன இரிக்கி?" என்றார். தான் பெற்ற வீட்டில் தன் மகனுக்கு ஓர் அறை கேட்க முடியாத தாயின் குரல் அது.

அப்போதுதான் என் மகள் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. நான் விவாகரத்தைப் பற்றி யோசித்தபோதெல்லாம், என்னை நடுவில் வைத்து, என் பிள்ளை, என் சம்பளம், ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசித்திருந்தேன். என் காலின் கீழ் நிலம் இருந்ததால் நிலம் இல்லாதவரின் நிலை எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்த வீடு தங்கைக்கு; வாழ்ந்த வீடு எனக்கு; இடையில் அவர் முப்பத்தொன்பது வயதில் ஒரு பாயோடு நிற்கிறார். மற்ற ஊர்களில் கணவன் வீட்டை விட்டுப் பெண்ணை அனுப்பும்போது அவளுக்கு நேர்வதை, இங்கே ஓர் ஆணுக்கு நாங்கள் செய்திருந்தோம். அவர் ஆண் என்பதால் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கும் அதைச் சொல்ல வாய் இருக்கவில்லை.

சான்றிதழைக் கேட்டேன். பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றியிருந்ததை எடுத்துத் தந்தார். எதற்கென்று கேட்கவில்லை. நான் போவதற்கு எழுந்தபோது, எனக்கே தெரியாமல், தென்னையைப் பற்றிச் சொன்னேன். நாவலடியையும், அம்மம்மாவையும், முளைத்த தேங்காயை அம்மா மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்ததையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கொட்டிலப் பின்பக்கம் போட்டிருப்பனே" என்றார். ஐந்து ஆண்டுகள்.

வாடகைக்கு ஒரு வீடு எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். மற்ற ஊர்களில் இது சாதாரண விடயம். எங்கள் ஊரில், சீதன வீடு இருக்கும் ஒரு பெண் வாடகைக்குப் போவது பெற்றோருக்கு அவமானம். அம்மா இரண்டு நாட்கள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு, "ஒரு வீட்டக் கடல் கொண்டு போச்சு. இந்த வீட்ட நீ விட்டுட்டுப் போறாய்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. அம்மா கொடுமைக்காரி அல்லர். தன் மகளின் காலடியில் ஒரு வீட்டை வைத்துவிட்டுச் சாக வேண்டும் என்ற ஒரே கடமைக்காக இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்த வீட்டுக்குள் வந்தவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அவருக்கும் யாரும் கற்றுத் தரவில்லை.

2024 சித்திரையில், புது வருடம் கழிந்து, இருதயபுரத்தில் இரண்டு அறைகள் உள்ள சிறிய வீடு ஒன்றுக்கு நாங்கள் வந்தோம். பின்பக்கம் தகரம் இறக்கி அவர் வேலை செய்கிறார். வேலை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்த கசப்பு வீடு மாறியதும் போய்விடுவதில்லை. முன்னர் அம்மாவின் பேரில் போட்டுவந்த பல சண்டைகள் உண்மையில் எங்கள் இருவருக்குள்ளும் இருந்தவை என்பது இங்கே வந்த பிறகு தெரிகிறது. இப்போது குற்றம் சாட்ட மூன்றாவது ஆள் இல்லாமல் அவற்றை நாங்களே போட வேண்டியிருக்கிறது. கடந்த மார்கழியில்கூட இரண்டு கிழமைகள் நாங்கள் பேசாமல் இருந்தோம். ஆனால் அந்த இரண்டு கிழமைகளிலும் அவர் மேசையில் இருந்துதான் சாப்பிட்டார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். முதல் முறை வந்தபோது, சைக்கிளைப் பிடித்தபடி கேற்றுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமோ என்று தெரியாதவர்போல என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுந்து போய், "வாங்க மாமா, இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா கொண்டுவந்த பையில் தேங்காய்கள் இருந்தன. அம்மா இன்னும் வரவில்லை. ஆனால் மீன் குழம்பு வைத்தால் ஒரு சட்டியில் கொடுத்துவிடுகிறார். எங்கள் மூவருக்கும் போதுமான அளவில்.

இந்த வீட்டின் ஒப்பந்தம் வரும் சித்திரையோடு முடிகிறது. இங்கேயே இன்னும் ஒரு வருடம் இருப்பதா, திராய்மடுவுக்குத் திரும்பிப் போவதா, அல்லது நான் முதலில் நினைத்ததையே செய்வதா என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. சட்டத்தரணியிடம் கொடுக்க வாங்கிவந்த சான்றிதழ், அவர் சுற்றித் தந்த பொலித்தீனோடு அப்படியே என் அலுமாரியில் இருக்கிறது.